கோயில் வாசலில் நின்ற எதிராளி

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தாள். பழைய வழக்கேடு ஒன்றைப் புரட்டியபோது "கோயில் சத்தியத்துக்கு விடப்பட்டது" என்று ஒரு வரி கண்ணில் பட்டதாம்.

"உண்மையே மாமா? கற்பூரத்தைக் கொளுத்தி அணைச்சோ வழக்குத் தீர்த்தனீங்கள்? நல்ல பகிடி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பகிடி இல்லை, அது சட்டம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். அவள் போன பிறகு, நான் ஏன் அப்படிச் சீறினேன் என்று எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன். கோபத்தில் சீறியதல்ல. வெட்கத்தில் சீறினேன். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுப்பகுதியில். கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கொஞ்சக் காலம், மன்னாரில் கொஞ்சக் காலம் என்று அலைந்து, எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணப் பக்கத்து நீதிமன்றம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்தேன். எந்த நீதிமன்றம் என்பது வேண்டாம். மானிப்பாயிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிகளைக் கூப்பிடுவது, உறுதிமொழி எடுப்பிப்பது, ஆவணங்களுக்கு அடையாளமிடுவது எல்லாவற்றையும் அங்கே எனக்குப் பழக்கிவிட்டவர் எங்கள் முதலியார். முதலியார் என்றால் சாதிப் பெயர் அல்ல, நீதிமன்றத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளருக்கு உள்ள பதவிப் பெயர். நீதிபதிகள் வருவார்கள், போவார்கள். முதலியார்தான் கோடு, அவர்தான் நீதிமன்றம்.

அவரைப்போல் ஒரு திருத்தமான மனிதரை நான் கண்டதில்லை. கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை, கறுத்தக் கோட்டு, கையில் எந்நேரமும் குடை. வழக்குக்கு வந்த எவர் வீட்டிலும் பச்சைத் தண்ணி வாய்வைக்கமாட்டார். வெளியில் போனால் போத்தலில் சொந்தத் தண்ணி கொண்டுபோவார். சாட்சி "அங்காலை" என்று சொன்னால் போதும், "அங்காலை எண்டால் எங்காலை? வடக்கோ, தெற்கோ? மரத்துக்கு இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ?" என்று பிடித்துக்கொள்வார். "ஒரு சொல்லிலைதான் காணி போறது, ஒரு சொல்லிலைதான் காணி வாறது. வடிவாக் கேட்டு எழுது" என்பார். நான் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். அவர் நடக்கிற மாதிரி நடக்கக்கூடப் பார்த்தேன், அவ்வளவு விசர்.

கோயில் சத்தியம் என்பது இதுதான். சாட்சியம் இரண்டு பக்கமும் சமனாக நிற்கும். அப்போது ஒரு பகுதி, "அவர் இன்ன கோயிலில் சத்தியம் பண்ணட்டும், பண்ணினால் நான் வழக்கை விட்டுவிடுகிறேன்" என்று சொல்லும். மற்றப் பகுதி சம்மதித்தால் இருவரும் ஒப்பமிடுவார்கள். சொன்ன நாளில், சொன்ன இடத்தில், சொன்ன வார்த்தைகளால் சத்தியம் செய்தால் ஒரு தீர்ப்பு. செய்யத் தவறினால் மறு தீர்ப்பு. இடையில் ஒன்றும் கிடையாது. நீதிமன்றத்தின் சார்பில் முதலியார் போய்ச் சத்தியத்தை எடுப்பித்து அறிக்கை கொடுப்பார். எடுபிடிக்கு நான் போவேன்.

சத்தியம் செய்பவர் முழுகி, ஈர உடுப்போடு, பச்சைத் தண்ணியும் குடியாமல் வரவேண்டும். ஐயர் பூசை முடித்து விலகுவார். தட்டில் கற்பூரம் எரியும். முதலியார் வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க, அவர் சந்நிதியைப் பார்த்தபடி திருப்பிச் சொல்லி, கடைசியில் வலது உள்ளங்கையால் சுடரை அமர்த்தி அணைக்கவேண்டும். இடது கையை நீட்டினால் முதலியார் மறித்துவிடுவார். பாதிச் சொல்லை விழுங்கினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

நான் இதைப் பகிடி என்று நினைக்காததற்குக் காரணம் உண்டு. உரும்பிராய்ப் பக்கத்துச் சகோதரங்கள் இரண்டு பேர், கிணற்றுப் பங்குக்காக வருசக்கணக்காய்க் கதைபேச்சில்லாமல் வழக்காடியவர்கள். கற்பூரம் கொளுத்தியாயிற்று. மூத்தவர் கையைக் கொண்டுபோனார். திடீரென்று திரும்பி, "டேய், நீயே வைச்சுக்கொள்ளடா. கோதாரி விழுந்த கிணறு" என்று சொல்லி அழத் தொடங்கிவிட்டார். தம்பியும் அழுதார். முதலியார் மட்டும் அழவில்லை. "கற்பூரம் எரிஞ்சு முடியமுன்னம் ஒருத்தரும் வெளிக்கிடக்கூடாது" என்றார். இதையெல்லாம் பார்த்த எனக்கு, கோட்டில் கிடைக்காத நீதி கோயிலில் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. எவருக்குக் கிடைக்கும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாத வீட்டில் பிறந்தவன் நான்.

பொன்னம்மாவின் வழக்கு எண்பத்தைந்தாம் ஆண்டளவில் வந்தது. அவர் கள்ளுச் சீவும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். புருசன் பனையால் விழுந்து செத்துப்போனார். வழக்கேட்டில் எதிராளியாக எழுதப்பட்ட பெயர் "பொன்னி". பிறப்புப் பத்திரத்தில் பொன்னம்மா என்றுதான் இருந்தது. வழக்குப் போட்டவர் கூப்பிட்ட பெயரே வழக்கேட்டுக்கும் வந்துவிட்டது, ஒருவரும் திருத்தவில்லை.

வழக்குப் போட்டவர் கனகசபை என்ற கமக்காரர், நல்ல வசதியான ஆள். அவருடைய காணியின் மூலையில் ஒரு துண்டில் பொன்னம்மா குடியிருந்தார். கனகசபையின் தகப்பன் சாகக் கிடந்தபோது, தனக்கு ஆயுள் முழுக்கச் சீவிக் கொடுத்த பொன்னம்மாவின் மாமனாரைக் கூப்பிட்டு, "உந்தத் துண்டு இனி உங்கடை" என்று சொன்னாராம். உறுதி எழுதவில்லை. அதைக் காதால் கேட்டவர்களில் உயிரோடு இருந்தது இரண்டு பேர். விறாந்தையில் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்ற கனகசபை, முற்றத்தில் நின்ற பொன்னம்மா.

அந்தத் துண்டில் பொன்னம்மாவும் புருசனும் கல்லுடைத்துக் கிணறு ஒன்று வெட்டினார்கள். தண்ணி இளநீர் மாதிரி. அதுவரை அந்தக் குடியிருப்புச் சனம் கமக்காரர் வீட்டுக் கிணற்றடியில் குடத்தோடு நின்று, யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றும்வரை காத்திருந்த சனம். துலாவில் அவர்கள் கைவைக்கக் கூடாது. பொன்னம்மாவின் கிணறு வந்த பிறகு, தங்கள் கையால் அள்ளிக் குடித்தார்கள். காணி போனால் கிணறும் போகும். அதனால் வழக்குத் தவணை ஒவ்வொன்றுக்கும் அந்தக் குடியிருப்பே கோட்டு வாசலில் வந்து நின்றது.

பொன்னம்மாவுக்காகப் பட்டணத்து இளம் சட்டத்தரணி ஒருவர் தோன்றினார். கனகசபைக்குப் பழம் தின்று கொட்டை போட்ட புறக்கிராசியார், பழைய காலத்துச் சட்டத்தரணி. குறுக்கு விசாரணையில் இளம் சட்டத்தரணி கேட்டார்:

"எதிராளி கிணறு வெட்டேக்கை நீர் பாத்துக்கொண்டு நிண்டீரோ?"

"ஓம், நிண்டனான்."

"மறிச்சீரோ?"

"இல்லை."

"உம்முடைய காணி எண்டுறீர். அதிலை ஆரோ கிணறு வெட்டினம். ஏன் மறிக்கேல்லை?"

"அது… அப்பா சொன்னவர்…" என்று தொடங்கிய கனகசபை அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார். புறக்கிராசியார் துள்ளி எழும்பி, கட்சிக்காரருக்குச் சுகமில்லை, தவணை வேண்டும் என்றார். நீதிபதி மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பினார். வழக்கு முடிந்தது, பொன்னம்மா வென்றாயிற்று என்றே நான் நினைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு புறக்கிராசியார் தேன் ஒழுகக் கதைத்தார். "என்ரை கட்சிக்காரர் கடவுளுக்குப் பயந்தவர். எதிராளி அம்மன் கோயிலிலை சத்தியம் பண்ணட்டும். பண்ணினால் இந்த நிமிசமே வழக்கை விடுறம்."

பொன்னம்மா சட்டத்தரணி வாய் திறக்க முன்னமே கைகூப்பிவிட்டார். "ஓமய்யா! எந்தக் கோயிலெண்டாலும் பண்ணுவன். நான் பொய் சொல்லேல்லை, எனக்கென்ன பயம்?"

அப்போது எங்கள் முதலியார் எழும்பினார். "கோயிலெண்டால் எவ்விடம்? வீதியிலையோ, மண்டபத்திலையோ? இடத்தைச் சரியாச் சொல்லவேணும்."

புறக்கிராசியார் அவரைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "மகாமண்டபம், முதலியார். அம்பாளுக்கு நேரை."

முதலியார் எழுதினார்: "மகாமண்டபத்தில், சந்நிதியை நோக்கி நின்று." அந்தக் கேள்வியை அவர் வழமையான திருத்தத்தில் கேட்டாரோ, அல்லது சாப்பாட்டு நேரத்தில் இருவருக்குள்ளும் ஏதும் கதை நடந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் இறந்தும் பல வருசமாகிவிட்டது. தெரியாமலே இருப்பது நல்லது என்று சில நாளில் நினைப்பேன், தெரிந்தால் நல்லது என்று வேறு சில நாளில்.

அந்தக் கோயில் என் தாய்வழிக் கோயில். மனேச்சர் என் சொந்த அம்மான், அம்மாவின் மூத்த தமையன். பெரிய கோயில்கள் எப்போதோ எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தன. இது குடும்பக் கோயில், திறக்கவில்லை. பொன்னம்மாவின் ஆட்கள் தேருக்கு வெளிவீதியில் நிற்பார்கள். அர்ச்சனைத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு ஒதுங்குவார்கள். கோயிலுக்குள் போகவிடாமல் மறிப்பது குற்றம் என்று சட்டம் நெடுங்காலமாய் இருந்தது. ஆனால் ஆயுதம் தூக்கிய இயக்கங்களுக்குப் பயந்து பொலிஸ்காரர் நிலையத்தைவிட்டு வெளிக்கிடாத காலம் அது. யாரிடம் போய் முறையிடுவது?

அன்று பின்னேரமே முதலியாரிடம் சொன்னேன். "ஐயா, அந்தக் கோயிலுக்குள்ளை அவையை விடமாட்டினம்."

"ரெண்டு பகுதியும் ஒப்பம் வைச்சாச்சு. இனி நீயும் நானும் கதைக்க ஒண்டுமில்லை" என்றார்.

இளம் சட்டத்தரணியிடம் சொன்னேன். "எந்தக் காலத்திலை இருக்கிறீர் அண்ணை? கோயிலெல்லாம் எப்பவோ துறந்தாச்சு" என்று சிரித்தார். பட்டணத்துப் பிள்ளை, அவருக்கு என்ன தெரியும்.

பொன்னம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னை விளங்காதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஐயா, நாங்கள் கேட்டால் துறக்கமாட்டினம். எனக்குத் தெரியாதே? இது கோடெல்லோ சொல்லியிருக்கு. கோடு சொன்னால் துறக்கத்தானே வேணும்?" கோட்டில் சம்பளம் வாங்கிய எனக்கே கோட்டின்மேல் அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை.

கடைசியாக அம்மானிடம் போனேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "நான் ஏனடா மோனை மறிக்கிறன்? வரட்டுமன். அம்பாள் பாத்துக்கொள்ளுவா" என்றார். எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன். சொந்த அம்மானின் வாயை எனக்குத் தெரியாமல் போயிற்றே!

சத்தியம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. நானும் முதலியாரும் போனபோது பொன்னம்மா கோபுர வாசலுக்கு வெளியே நின்றார். முழுகிய தலையிலிருந்து தண்ணி சொட்டியது. வெள்ளைச் சேலை உடம்போடு ஒட்டி, காலைக் காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தார். கையில் வாழையிலைத் துண்டில் கற்பூரம். பக்கத்தில் மகள். தள்ளி, வீதியோரத்தில் அந்தக் குடியிருப்புச் சனம் முழுவதும்.

அம்மான் வாசலில் வந்து கைகூப்பினார். "வாங்கோ முதலியார். தம்பி, நீயும் வா." நாங்கள் உள்ளே போனோம். கனகசபை சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார். பொன்னம்மா படியில் கால்வைக்கத்தான் வந்தார். அதற்குள் அம்மான் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, உள்ளே குறுக்குமரத்தைப் போட்டுவிட்டார். ஒரு வார்த்தை வெளியில் சொல்லவில்லை. ஏசவில்லை, துரத்தவில்லை. அவ்வளவு பக்குவமாகச் சாத்தினார்.

"அம்மான், என்ன வேலை பாக்கிறியள்?" என்று நான் கத்தினேன்.

"சத்தம் போடாதை. பூசை நடக்குது. பூசை நேரம் கதவு சாத்திறது எங்கடை வழக்கம்."

"எப்ப வந்த வழக்கம் உது?"

"இண்டைக்கு வந்த வழக்கம்" என்றார் அம்மான்.

முதலியார் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரே மகாமண்டபத்துக்குப் போய், சந்நிதியைப் பார்த்து நின்று, குடையைத் தூணில் சாத்திவைத்தார். பிறகு கோட்டில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"எதிராளி பொன்னி!"

வெளியிலிருந்து குரல் வந்தது. "ஐயா! வந்து நிக்கிறன் ஐயா!"

"எதிராளி பொன்னி!"

"இஞ்சை நிக்கிறன் ஐயா! கதவு பூட்டியிருக்கு! துறக்கச் சொல்லுங்கோ!"

"எதிராளி பொன்னி!"

கதவில் தட்டும் சத்தம் கேட்டது. உள்ளங்கையால் தட்டும் சத்தம். நான் முதலியாரிடம் ஓடினேன். "ஐயா, அந்த மனிசி வெளியிலை நிண்டு கூப்பிடுறா, கேக்கேல்லையே?"

"கேக்குது. கட்டளையிலை என்ன கிடக்கு? வாசி."

"ஐயா…"

"வாசி எண்டன்."

வாசித்தேன். "மகாமண்டபத்தில், சந்நிதியை நோக்கி நின்று…"

"மகாமண்டபத்திலை ஆரும் நிக்கினமே?"

நான் கதவடிக்கு ஓடினேன். குறுக்குமரத்தைத் தூக்கப் போன என் கையை அம்மான் பிடித்துக்கொண்டார். அவருடைய இரண்டு மகன்மாரும் வந்து பக்கத்தில் நின்றார்கள். மச்சான்மார், என்னோடு ஒன்றாய் மாங்காய் பிடுங்கித் திரிந்தவர்கள். "மச்சான், வீட்டு மானத்தை வாங்காதை" என்று ஒருவன் என் காதில் சொன்னான். கதவுக்கு வெளியே பொன்னம்மாவின் குரல் இப்போது வேறு மாதிரி ஒலித்தது. கெஞ்சவில்லை, கூப்பிடவில்லை. சத்திய வார்த்தைகளைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டில் ஒரு தடவை வாசித்துக் காட்டியதை மனப்பாடமாக்கி வைத்திருந்தார். "இந்தக் காணியை வழக்காளியின் தகப்பனார் எங்களுக்குத் தந்தார் என்றும், அன்று தொடக்கம் நாங்கள் எவருக்கும் கீழே அதில் இருக்கவில்லை என்றும், அம்மன் சாட்சியாக…" ஒரு சொல் பிசகவில்லை. கனகசபை தூணோடு ஒண்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

குறித்த நேரம் கழிந்ததும் முதலியார் குடையை எடுத்தார். கதவு திறந்தது. வாசற்படியில் கற்பூரம் எரிந்த கரி. பொன்னம்மா வலது உள்ளங்கையை விரித்து முதலியாரிடம் நீட்டினார். கறுத்துப்போய், நடுவில் தோல் வெந்திருந்தது.

"பாருங்கோ ஐயா. அணைச்சனான். எல்லாச் சனமும் பாத்தது."

முதலியார் பார்த்தார். நன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு, "பிள்ளை, இடம் பிழை" என்று சொல்லிவிட்டு, கரியில் சப்பாத்துப் படாமல் விலகி இறங்கிப் போனார்.

நான் தலையில் தூக்கிவைத்த மனிதர் அவர். அந்த இடத்திலேயே அவர் முகத்தில் முழிக்க எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அவரிடம் தொழில் பழகினேன் என்று சொல்ல இன்றைக்கும் நாக்கூசுகிறது. ஆனால் அவரை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பமுடியாது. கதவைச் சாத்தினது என் அம்மான். கையைப் பிடித்தது என் மச்சான்மார். அந்தக் கோயிலில் ஒரு திருவிழா எங்கள் வீட்டுத் திருவிழா.

அறிக்கையில் முதலியார் ஒரு பொய்யும் எழுதவில்லை. "பெயர் மூன்று முறை அழைக்கப்பட்டது. எதிராளி குறித்த இடத்தில் தோன்றவில்லை." அவ்வளவுதான். இளம் சட்டத்தரணி நெருப்பாய் நின்றார். என்னைச் சாட்சிக்கு அழைத்தார். கோட்டு ஊழியன் கோட்டிலேயே சாட்சிக்கூண்டில் ஏறுவது லேசான காரியமில்லை. ஏறினேன். கதவு பூட்டியிருந்தது, பொன்னம்மா வெளியில் நின்று பதில் சொன்னார், சத்தியத்தை முழுவதும் சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

நீதிபதி கேட்டார். "கதவைப் பூட்டியது யார்?"

"கோயில் மனேச்சர். என்னுடைய அம்மான்."

"வழக்காளி பூட்டினாரா? பூட்டச் சொன்னாரா?"

"பூட்டேல்லை. சொன்னதை நான் கேக்கேல்லை."

நீதிபதி தலையாட்டி எழுதிக்கொண்டார். தீர்ப்பில் என் சாட்சியத்தைத்தான் அத்திவாரமாகப் போட்டிருந்தார். கதவைப் பூட்டியவர் இந்த வழக்கில் ஒரு கட்சிக்காரர் அல்லர் என்று நீதிமன்ற ஊழியரே சொல்லியிருக்கிறார். வழக்காளி எந்தத் தடையும் செய்யவில்லை. எதிராளி தானே விரும்பி அந்த இடத்துக்குச் சம்மதித்தார், அங்கே போகமுடியுமா என்பதை அவரே யோசித்திருக்கவேண்டும். ஆகவே சத்தியம் செய்யத் தவறினார். காணி வழக்காளிக்கு.

உண்மையைச் சொல்லத்தான் கூண்டில் ஏறினேன். அந்த உண்மையாலேயே அவரைக் கட்டித் தூக்கினார்கள். தீர்ப்பை வாசிக்கும்போது பொன்னம்மா பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. கொழும்புக்கு மேன்முறையீடு செய்யலாம் என்று சட்டத்தரணி சொன்னார். அந்தக் காலத்தில் கொழும்புக்குப் போவதென்றால் யாருக்கு முடிந்தது? தீர்ப்பை நிறைவேற்றும் பிஸ்கால் அதிகாரி வந்து குடிசையைப் பிரித்தார். கிணற்றைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்து, கனகசபை மெசின் பூட்டி வெங்காயத்துக்கு இறைத்தார். அந்தச் சனம் பழையபடி குடத்தோடு போய் நின்றது. பொன்னம்மா மகளோடு போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் நானும் இடமாற்றம் கேட்டு வேறு கோட்டுக்குப் போய்விட்டேன்.

எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியபோது நான் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய் அங்கேயே மாட்டுப்பட்டேன். வீடுகளில் இருக்கவேண்டாம், கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் போய் இருங்கள் என்று அறிவித்தார்கள். ஊர் முழுக்க அம்மன் கோயிலுக்கு வந்தது. அம்மானும் தளர்ந்து போயிருந்தார். "உயிர் போற நேரத்திலை என்னத்தைப் பாக்கிறது? வரட்டும், எல்லாரும் வரட்டும்" என்று கதவுகளை அகலத் திறந்துவிட்டார். மகாமண்டபத்தில் சனம் பாயை விரித்துப் படுத்தது. ஒரு மூலையில் கனகசபை குடும்பம், மறு மூலையில் பொன்னம்மாவின் மகளும் பேரப்பிள்ளைகளும். எல்லோருக்கும் ஒரே கிடாரத்தில் கஞ்சி.

பொன்னம்மாவை மட்டும் காணவில்லை. வெளியே எட்டிப் பார்த்தேன். கோபுர வாசலுக்கு வெளியே, வெறுநிலத்தில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சொம்பு. பட்டப்பகல், எறிகணைச் சத்தம் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது.

அதுவரை நான் அவரை வாய் நிறைய ஓர் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குத்தான் கூப்பிட்டேன். "அம்மா, எழும்பி உள்ளுக்கு வாங்கோ. இப்ப ஒருத்தரும் மறிக்கமாட்டினம்."

"தெரியும் ஐயா. மனேச்சரும் வந்து கூப்பிட்டவர்."

"அப்ப ஏன் இதிலை குந்திக்கொண்டிருக்கிறியள்? செல் விழுகுதெல்லே?"

அவர் சொம்பிலிருந்து ஒரு வாய் தண்ணி குடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "நான் உள்ளுக்கு வரேல்லை எண்டுதானே கோட்டிலை எழுதினவை. விடேல்லை எண்டு எழுதேல்லை. இப்ப உயிருக்குப் பயந்து வந்து இருந்தனெண்டால், அண்டைக்கும் இவள் வந்திருக்கலாம், வராமல் விட்டவள் எண்டு கதை முடிஞ்சுபோம். எங்கடை சனத்துக்குத் தண்ணி போனது என்னாலை எண்டு ஆகிப்போம். நான் இதிலையே இருக்கிறன் ஐயா. பிள்ளையள் உள்ளுக்கு இருக்கட்டும்."

"ஐயோ அம்மா, அந்த வழக்கு முடிஞ்சுதெல்லே? இனி ஆர் அதைப் பாக்கப்போகினம்?"

"நான் பாக்கிறன்" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில் உட்காரத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். முழங்காலை மடக்கியும் விட்டேன். அந்த நேரம் செல் ஒன்று கூவிக்கொண்டு எங்கள் பக்கமாக வந்தது. என் கால் என்னைக் கேட்கவில்லை. ஒரே பாய்ச்சலில் உள்ளே போய் விழுந்தேன். "கதவு! கதவு!" என்று சனம் குழறியது. கதவுக்குக் கிட்ட நின்றவன் நான்தான். இழுத்துச் சாத்திக் குறுக்குமரத்தைப் போட்டேன்.

செல் தோட்டத்துக்குள் விழுந்து வெடித்தது. மண்டபமே ஆடி அடங்கியது. குழந்தைகள் வீரிட்டு அழுதன. குறுக்குமரத்தைத் தூக்கிக் கதவைத் திறந்தேன். பொன்னம்மா அதே இடத்தில் இருந்தார். தலையில் கொட்டிய மண்ணைக் கையால் தட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

"என்ரை பேரப்பிள்ளையள் பயந்துபோச்சினமே ஐயா?" என்று கேட்டார்.

"இல்லையம்மா, தாயோடை இருக்கினம்" என்றேன். வாசற்படிக்கு உள்ளே நின்றுகொண்டுதான் சொன்னேன்.